தண்டுவட அழற்சி: மூன்று நோய்களில் எது என்று சொல்ல ஏன் இவ்வளவு நாள் ஆகிறது?

கேள்வி: என் தங்கைக்குக் கால் மரத்து, சிறுநீர் நின்றுபோய், எம்.ஆர்.ஐ.யில் தண்டுவட அழற்சி என்று வந்தது. ஒரு நரம்பியல் டாக்டர் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்கிறார். இன்னொருவர் என்.எம்.ஓ. (நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா) அல்லது மோகாட் (மோக் ஆன்டிபாடி நோய்) ஆக இருக்கலாம் என்கிறார். ஒரே ஒரு டெஸ்ட் எடுத்து முடிவு சொல்ல முடியாதா?

பெரும்பாலும் முடியாது. நான் டாக்டர் இல்லை, என்.எம்.ஓ. நோயாளி. அதற்கு முன்னால் எம்.எஸ். என்று சொல்லப்பட்டு, அதற்கான ஊசியைச் சில காலம் போட்டுக்கொண்டவள். அதனால் இந்த மூன்று பெயர்களையும் கொஞ்சம் அதிகமாகவே படித்திருக்கிறேன். உங்கள் இரண்டு டாக்டர்களில் ஒருவர் விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். இருவரும் வேறு வேறு தேதியில் எடுத்த படங்களைப் பார்த்திருந்தால் இரண்டு பதிலுக்குமே நியாயம் இருக்கும்.

மூன்றிலும் நம் எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்குகிறது. எம்.எஸ். நோயில் நரம்பைச் சுற்றியிருக்கும் மையலின் உறை அங்கங்கே அழிகிறது. மோகாட்டில் அந்த உறையின் வெளிப்பக்கம் இருக்கும் மோக் என்ற புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகிறது. என்.எம்.ஓ.வில் குறி மையலினே இல்லை, நரம்புகளுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களின் மேலுள்ள அக்வாபோரின் 4 என்ற புரதம்தான். ஆஸ்ட்ரோசைட் சாக, பின்னாலேயே மையலினும் போகிறது. ஆனால் நோயாளிக்குத் தெரிவதெல்லாம் ஒன்றுதான்: இடுப்பைச் சுற்றிப் பெல்ட் போட்டு இறுக்குவது மாதிரி ஒரு பிடிப்பு, காலில் மரமரப்பு, கழுத்தைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடிப்பது, சிறுநீர் கட்டிக்கொள்வது. இதை மட்டும் கேட்டு எந்த நோய் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரான்சில் டெவிக் என்பவர் 1894இல் விவரித்த நோய் என்.எம்.ஓ. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் அதை எம்.எஸ்.ஸின் ஒரு வகையாகவே பலர் எண்ணினார்கள். ஜப்பானிலும் நம் பக்கத்திலும் கண் நரம்பும் தண்டுவடமும் மட்டும் கெட்டுப்போகும் நோயாளிகள் நிறைய இருந்ததால் "ஆசிய எம்.எஸ்." என்று ஒரு பெயர்கூட இருந்தது. 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் குழுவினர் என்.எம்.ஓ.வுக்கான ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருஷமே அது எதைத் தாக்குகிறது என்பதும் தெரிந்தது. மோகாட்டுக்கு என்று தனியாக உலக அளவில் ஒத்துக்கொண்ட வரையறை வந்தது 2023இல்தான். ஆக, பழைய ஃபைலில் எம்.எஸ். என்று எழுதியிருந்தால் அது எந்த வருஷம் எழுதியது என்றும் பாருங்கள்.

இப்போது ஸ்கேன். பாடப்புத்தகத்தின்படி, எம்.எஸ். தழும்பு சின்னதாக இருக்கும், பொதுவாக இரண்டு முள்ளெலும்பு உயரத்துக்குள் அடங்கும், தண்டுவடத்தின் ஓரத்தில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும். என்.எம்.ஓ.வில் மூன்று முள்ளெலும்புக்கும் மேல் நீளும், நடுப்பகுதியில் இருக்கும், தண்டுவடம் வீங்கியும் தெரியும். மோகாட்டிலும் நீளமாக வரலாம், நடுவிலுள்ள சாம்பல் பகுதியை மட்டும் பிடித்து ஆங்கில எச் எழுத்து மாதிரி தெரியும், தண்டுவடத்தின் அடி நுனி வரைக்கும் போகும். படிக்க ரொம்ப சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்.எம்.ஓ. தாக்கிய முதல் ஒன்றிரண்டு நாளிலேயே படம் எடுத்தால் தழும்பு குட்டையாகவே இருக்கலாம், பல மாதம் கழித்து எடுத்தால் நீளத் தழும்பு துண்டு துண்டாக உடைந்து எம்.எஸ். போலவே தெரியும். எம்.எஸ். நோயில் பல சின்னத் தழும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளமாகக் காட்டும். மோகாட் இன்னும் மோசம்: கால் வராமல் படுத்திருக்கும்போது எடுத்த முதல் எம்.ஆர்.ஐ. சிலருக்கு நார்மல் என்றே வந்துவிடும், பிற்பாடு தழும்பு சுவடில்லாமல் மறைந்தும் போகும். ஆகவே எந்த அறிகுறி எந்த நாள் ஆரம்பித்தது, படம் எந்த நாள் எடுத்தது என்ற கணக்கு இல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் வாசிப்பதில் பாதிப் பயன்தான். படங்களின் சி.டி.யைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். மூளை, கண் நரம்பு, முழுத் தண்டுவடம் மூன்றுக்கும் படம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதுகுக்கு மட்டும் எடுத்துவிட்டு எம்.எஸ். இல்லை என்று சொல்வது சரியில்லை.

அடுத்தது பழைய கதை. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கால் மரத்துப்போவதற்கு ஒரு வருஷம் முன்னால் எனக்கு வாரக்கணக்கில் விக்கலும் வாந்தியும் இருந்தன. கேஸ் என்றார்கள், அல்சர் என்றார்கள், வயிற்றுக்குள் குழாய் விட்டும் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை, தானாக நின்றுபோனது. எங்கள் பெரியம்மா யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சுற்றிப் போட்டதுதான் மிச்சம். மூளைத்தண்டின் அடியில் வாந்தியைத் தூண்டும் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அங்கே அக்வாபோரின் 4 நிறைய. காரணம் தெரியாத, அடங்காத விக்கலும் வாந்தியும் என்.எம்.ஓ.வின் முக்கிய அடையாளங்களில் ஒன்று, 2015 வரையறையிலேயே இருக்கிறது. நான் முதலில் போன மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை. கால் பிரச்சினைக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கும் எப்படித் தோன்றும்? உங்கள் தங்கையிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எப்போதாவது ஒரு கண்ணில் பார்வை மங்கி, கண்ணை அசைத்தால் வலித்து, பிறகு சரியாகியிருக்கிறதா? இரண்டு கண்ணும் ஒன்றாக மங்கியதா (அது மோகாட் பக்கம் இழுக்கும்)? குழந்தையாக இருந்தபோது மூளைக்காய்ச்சல் என்று படுத்ததுண்டா?

ரத்தப் பரிசோதனை பற்றி ஒன்று முக்கியம். அக்வாபோரின் 4 ஆன்டிபாடியை செல் பேஸ்டு அசே (செல்களின் மேல் வைத்துப் பார்ப்பது) முறையில் பார்த்து பாசிட்டிவ் வந்தால், இப்படித் தண்டுவடத் தாக்குதலும் இருந்து, வேறு காரணமும் இல்லை என்றால், என்.எம்.ஓ. என்று தைரியமாகச் சொல்லலாம். எலைசா என்ற இன்னொரு முறையில் பொய்யாக பாசிட்டிவ் வருவதுண்டு, குறிப்பாக அளவு குறைவாக இருக்கும்போது. ரிப்போர்ட்டில் 'மெத்தட்' என்ற வரியில் எந்த முறை என்று போட்டிருப்பார்கள். ரத்தத்தை பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் சிகிச்சை) ஆரம்பிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும், பின்னால் எடுத்தால் ஆன்டிபாடி கழுவிப்போய் நெகட்டிவ் காட்டும். மோக் ஆன்டிபாடி இன்னும் வழுக்கலான விஷயம். லேசான பாசிட்டிவ் எம்.எஸ். நோயாளியிடமும் வரும், அதை மட்டும் வைத்து மோகாட் என்று முத்திரை குத்தக்கூடாது, ஸ்கேனும் கதையும் ஒத்துவர வேண்டும். சிலருக்குச் சில மாதம் கழித்து அது மறைந்தும் விடும். முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் ஆலிகோகுளோனல் பேண்ட் (ஆன்டிபாடிப் பட்டைகள்) இருந்தால் எம்.எஸ். பக்கம் சாயும், மற்ற இரண்டிலும் குறைவான பேருக்கே அது வரும்.

ஸ்டீராய்டு போட்டதும் கால் அசைந்தது, அதனால் இந்த நோய்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்றுமே ஸ்டீராய்டுக்குக் கேட்கும். இவை எதுவுமே இல்லாத நோய்களும் உண்டு: பி12 குறைவு, காசநோய், எலும்புத் தேய்மானம் தண்டுவடத்தை நசுக்குவது, ரத்தக்குழாய் அடைத்து தண்டுவடம் பட்டுப்போவது. வேகம் இங்கே நல்ல துப்பு. அழற்சி என்றால் சில மணி நேரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். நிமிஷக்கணக்கில் கால் விழுந்தால் ரத்தக்குழாயைச் சந்தேகிப்பார்கள், மாதக்கணக்கில் மெல்லப் படியிறங்கினால் வேறு தேட வேண்டும். ரத்தநாளங்கள் தவறாக இணைந்துகொள்ளும் ஃபிஸ்டுலா என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் நடுவயது தாண்டிய ஆண்களுக்கு வரும், அதில் ஸ்டீராய்டு போட்டதும் நிலைமை மோசமாவதுண்டு.

பெயரில் என்ன இருக்கிறது, மருந்து கொடுத்தால் போதாதா என்று என் மாமியார் கேட்டார். பெயரில்தான் இருக்கிறது. எம்.எஸ். நோய்க்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா, நடாலிசுமாப், ஃபிங்கோலிமோட் ஆகியவை என்.எம்.ஓ.வைக் கிளறிவிட்டதாகப் பல பதிவுகள் உண்டு. என்.எம்.ஓ.வில் ஒவ்வொரு தாக்குதலும் நிரந்தரமாக எதையாவது எடுத்துக்கொண்டு போகும் என்பதால் ரிட்டுக்ஸிமாப், அசதையோப்ரின், மைக்கோஃபினோலேட் போன்ற எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை முதல் தாக்குதலுக்குப் பிறகே ஆரம்பிப்பார்கள். மோகாட் பலருக்கு ஒரே தடவையோடு நின்றுவிடுவதால் அங்கே சில சமயம் காத்திருந்தும் பார்ப்பார்கள்.

இன்னொரு குழப்பம்: எதிர்ப்பு சக்தி நம்மையே தாக்கும் லூபஸ், ஷோகிரன் போன்ற வேறு நோய்கள் என்.எம்.ஓ.வோடு சேர்ந்து வருவதுண்டு. ஏ.என்.ஏ. (லூபஸுக்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ், அதனால் லூபஸ் தண்டுவடத்தைத் தாக்கிவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிட்டால் அக்வாபோரின் 4 பார்க்காமலே போய்விடும். அதையும் கேளுங்கள்.

எல்லாம் நெகட்டிவ் என்று வந்தால்? என்.எம்.ஓ. நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த ஆன்டிபாடி அகப்படாது. அப்போது ஒரே இடத்துத் தாக்குதலை வைத்து அந்தப் பெயர் கொடுக்க முடியாது, வேறொரு இடமும் தாக்கப்பட்டிருக்க வேண்டும். சில மாதம் கழித்து ரத்தத்தையும் எம்.ஆர்.ஐ.யையும் திரும்பப் பார்ப்பார்கள். அந்த இடைவெளியில் 'பெயர் தெரியாத நோய்க்கு மாத்திரை எதற்கு' என்று ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மோகாட்டாக இருந்தால், ஸ்டீராய்டைச் சட்டென்று குறைக்கும்போதுதான் அது பலருக்குத் திரும்பி வரும்.