ஜெல் மெழுகுவர்த்தியில் சிப்பியைச் சுற்றிக் குமிழிகள்: கீழக்கரைச் சகோதரிக்குப் பதில்

வணக்கம் சகோதரி. கீழக்கரைக் கடற்கரையில் எடுத்த மணலையும் சிப்பிகளையும் கண்ணாடிக் குவளையில் இட்டு ஜெல் ஊற்றினால், சிப்பியைச் சுற்றிக் குமிழிகள் திரண்டு, அவ்விடம் பால்போல் கலங்கிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். ஜெல்லைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சிப்பியில் தங்கியுள்ள காற்றும் ஈரமுமே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

ஜெல்லின் பெரும்பகுதி கனிம எண்ணெய் என்பதால் தண்ணீர் அதில் கலக்காது. அதோடு கடலுப்பு ஈரத்தை இழுக்கும். பகலில் நன்றாகக் காய்ந்த சிப்பிகூட நம் கடற்காற்றில் இரவுக்குள் மறுபடியும் நமத்துவிடும். ஆகவே சிப்பிகளை நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் காயவைத்து, மணலை வாணலியில் வறுத்து, சூடு ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு சிப்பியையும் இடுக்கியால் பிடித்து, வாய்ப்புறம் மேலே இருக்கும்படி உருகிய ஜெல்லில் முக்குங்கள். சரம்சரமாகக் குமிழி வருவது நின்ற பிறகே எடுத்துக் குவளையில் அடுக்குங்கள். குவளையையும் இளஞ்சூடாக்கி, ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸில் ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். வெப்பமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். 110 டிகிரியைத் தாண்டவும் விடாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடிவிடுங்கள்.

பவளத் துண்டுகள் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கூடாது. கரை ஒதுங்கியதாக இருந்தாலும், பவளம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. சில சங்கு வகைகளுக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்பதால், சாதாரண மட்டிச் சிப்பிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றையும் திரியை ஒட்டி வைக்காமல் கண்ணாடியோரமாக வையுங்கள்.