ஃப்ளஷ் டேங்கையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: டாய்லெட்டில் ஃப்ளஷ் டேங்க் நிரம்பிய பிறகும் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்பதில்லை. ராத்திரி நிரப்பிய மாடித் தொட்டி விடிவதற்குள் பாதியாகிவிடுகிறது. பிளம்பர், "டேங்கையே மாத்திடுங்கம்மா" என்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
- வாசகி, மதுரை

பதில்: அவசரப்படாதீர்கள். டேங்கில் விரிசல் இல்லையென்றால், கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் இரண்டு உதிரிகளில் ஒன்றுதான். ஒன்று, தண்ணீரை உள்ளே விடும் மிதவை வால்வு. மற்றது, ஃப்ளஷ் வால்வின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம்.

எது என்று நீங்களே பார்த்துவிடலாம். மூடியைத் திறந்து நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். டேங்குக்குத் தண்ணீர் விடும், சுவரில் இருக்கும் சிறு வால்வை (ஆங்கிள் காக்) மூடிவிட்டு, ஒரு மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் ரப்பர் வளையம் கசிகிறது. உறுதியாகத் தெரிய வேண்டுமா? துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை டேங்கில் கொஞ்சம் விடுங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கீழே பீங்கானில் நீலம் தெரிந்தால் சந்தேகமே இல்லை. மட்டம் இறங்காமல் நின்றால் பழுது மிதவை வால்வில். அது தண்ணீரை நிறுத்தாததால்தான் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வழிந்துகொண்டே இருக்கிறது.

போர் தண்ணீர் வீடு என்றால் புதிதாக வாங்குவதற்கு முன் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். உப்பு படிந்திருக்கும். வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து மாட்டினாலே பல வீடுகளில் கசிவு நின்றுவிடும். ஆசிட் வேண்டவே வேண்டாம். டேங்குக்குள் போடும் பிளீச்சிங் மாத்திரைகளும் ரப்பரைக் கெடுப்பவைதான்.

வளையம் கிழிந்திருந்தால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். புது டேங்கின் விலையில் சிறு பங்குதான் ஆகும். பழுது எது என்று காட்டாமல் முழுதாக மாற்றச் சொல்பவரிடம், "எந்தப் பாகம் போயிருக்கு, கழற்றிக் காட்டுங்க" என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை.

சுவருக்குள் மறைத்துப் பதிக்கும் டேங்க் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதன் உதிரிகள் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: மேல்மாடி வீடு. புதிதாக ரெயின் ஷவர் வாங்கி மாட்டினோம், திறந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. பிரஷர் பம்பு வாங்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் தொட்டி ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது வெறும் 0.2 பார். ஷவர் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மற்ற குழாய்களில் தண்ணீர் நன்றாக வந்தால், அந்த ஷவரை அந்த உயரத்துக்குப் பொருந்தும் சாதாரண ஷவராக மாற்றுவதே மலிவு. எல்லாக் குழாயும் மந்தமென்றால், தொட்டி அடியில் இருக்கும் கேட் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, குழாய் முனைச் சல்லடைகளில் மண் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பம்பு அதற்குப் பிறகுதான்.

கேள்வி: உத்தரவாதம் உள்ள குழாய் ஒரே வருடத்தில் ஒழுகுகிறது. கடைக்காரர் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார்.
- வாசகி, சேலம்

பதில்: உத்தரவாத அட்டையை முதலில் படியுங்கள். உப்புப் படிவால் வரும் பழுதைச் சில நிறுவனங்கள் விலக்கி வைத்திருக்கும். அப்படி இல்லையென்றால் பில், ஒழுகும் காட்சியின் வீடியோ இரண்டையும் வைத்து நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை, பழுது ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிளம்பர் கழற்றும் பழைய குழாயை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது உங்கள் சாட்சியம்.