முட்டை டெம்பரா வண்ணம் காய்ந்தபின் ஏன் உதிர்கிறது, ஏன் உரிகிறது?

மஞ்சள் கருவில் நிறமிப் பொடி கலந்து தீட்டினால் சில இடங்களில் விரலில் பொடியாக ஒட்டுகிறது, சில இடங்களில் தோலாக உரிகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

பொடியாக வந்தால் கரு போதவில்லை என்று அர்த்தம். நிறமியைத் தனித்தனித் துகளாக விடாமல் பிணைத்து வைப்பது கருதான். உரிந்தால் முதலில் பலகையைச் சந்தேகப்படுங்கள். கடையில் டப்பாவில் வரும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (பலகையில் முதலில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) போதுமான அளவு ஈரத்தை உறிஞ்சாது. டெம்பரா அதன்மேல் பிடிமானம் இல்லாமல் கிடந்து, ஒருநாள் அப்படியே கழன்று வரும். துணியும் வேண்டாம். காய்ந்த டெம்பரா வளையாது. துணி அசைந்தால் விரிசல் விடும்.

பிளைவுட் மாதிரி விறைப்பான பலகை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தை உறிஞ்சும் அடிப்பூச்சை நீங்களே செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 70 கிராம் முயல் தோல் பசையை இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கிக் கரையுங்கள். கொதிக்க விட்டால் பசையின் பலம் போய்விடும். முதலில் வெறும் பசை ஒரு பூச்சு. அது காய்ந்ததும், மீதிப் பசையில் சாக் பொடியை மெதுவாகத் தூவிப் பாலாடை பதத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிசாக எட்டுப் பூச்சு. வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழ் ஏறி, காய்ந்தபின் ஊசித் துளைகளாக நிற்கும். முதல் சாக் பூச்சை விரலால் தேய்த்துவிட்டால் துளைகள் குறையும். கடைசியில் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

அடுத்தது கரு. வெள்ளைக் கரு ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது. மஞ்சள் கருவை ஒரு உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு மாற்றி மாற்றி உருட்டுங்கள். ஒவ்வொரு முறையும் காலியான கையைத் துடைத்துவிடுங்கள். மேல் சவ்வு காய்ந்து லேசாகச் சுருங்கியதும் இரண்டு விரலால் மெல்லப் பிடித்துத் தூக்கலாம், உடையாது. கிண்ணத்துக்கு மேலே தொங்கவிட்டு அடியில் ஊசியால் குத்தினால் கரு வழிந்து இறங்கிவிடும். சவ்வு விரலிலேயே தங்கிவிடும். ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். கரு மஞ்சளாக இருக்கிறதே, நீலம் பச்சையாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறிப்போகும். அன்றன்று புதுக் கரு எடுப்பதே நல்லது. கெடாமலிருக்க வினிகர் விடச் சொல்வார்கள். அல்ட்ராமரீன் நீலத்துக்கு அமிலம் ஆகாது, நிறம் போய்விடும்.

நிறமியைக் காய்ச்சி வடித்த நீரில் கெட்டியாகக் குழைத்து வையுங்கள். விளக்குக் கரி போன்றவை தண்ணீரில் நனையாமல் மிதக்கும். இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டால் கலந்துவிடும். குழைக்கும்போது முகக்கவசம் அவசியம். ஈய வெள்ளையும் சிந்தூரமும் விஷம். அவற்றைத் தொடாமல் டைட்டானியம் வெள்ளையும் மண் நிறங்களும் வைத்துத் தொடங்குங்கள்.

குழைத்த நிறமியும் கருவும் சம அளவு என்பது தொடக்கக் கணக்கு மட்டுமே. நிறமிக்கு நிறமி அது மாறும். அதனால் இந்தச் சோதனையை ஒருபோதும் விடாதீர்கள்: கலவையை ஒரு கண்ணாடித் துண்டில் தீட்டிக் காயவிட்டு, பிளேடால் சுரண்டுங்கள். நாடா மாதிரிச் சுருண்டு வந்தால் பதம் சரி. தூளாக வந்தால் கரு சேருங்கள். பிசுக்கென்று பளபளத்தால் கரு அதிகம், நிறமி சேருங்கள். உங்கள் பலகையில் சில நிறங்கள் மட்டும் பொடியாக நிற்பதற்கு, எல்லா நிறத்துக்கும் ஒரே அளவு போட்டதுதான் காரணமாக இருக்கும்.

தீட்டும்போது தூரிகையைப் பிழிந்து, ஈரம் மட்டும் இருக்கும்படி வைத்துக்கொண்டு, மெல்லிய கோடுகளாக இழையுங்கள். வண்ணம் சில நொடிகளில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம்போலப் பரப்பிக் கலக்கப் பார்த்தால் கீழ் அடுக்கு கிளம்பி வந்துவிடும். ஒரு கோடு காய்ந்தபின் அதன்மேல் அடுத்த கோடு. நிழலும் ஒளியும் அப்படித்தான் பிறக்கும். இத்தாலியின் சியெனா நகரத்தில், 1300 வாக்கில் வாழ்ந்த ஓவியர் துச்சோவின் காலத்து ஓவியர்கள் முகத்துக்கு அடியில் பச்சை மண் நிறம் பூசி, மேலே இளஞ்சிவப்பை இழைத்தார்கள். பழைய பலகைகளில் மேலடுக்கு தேய்ந்த கன்னங்களில் அந்தப் பச்சை இன்றும் தெரிகிறது. கனமாக அப்பினால் இந்த ஊடுருவும் ஒளி கிடைக்காது, வெடிக்கவும் செய்யும்.

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் முழுக்க இறுகிவிட்டது என்று எண்ணாதீர்கள். அதற்கு மாதக்கணக்காகும், அதுவரை எளிதில் கீறல் விழும். சில நாள் கழித்து மேலே வெண்படலம் படர்ந்தால் அது பெரும்பாலும் கருவின் கொழுப்பு வெளியே கசிவதுதான். மென்மையான உலர்துணியால் துடைக்கலாம். ஈரமான அறையில் வைத்திருந்தால் பூஞ்சையாகவும் இருக்கலாம். பலகையை முதலில் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.