புது பேட்டரி போட்டும் காலையில் கிளம்பாத டிராக்டர்

அன்புள்ள ஐயா,

என்னிடம் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள தோட்ட டிராக்டர் இருக்கிறது. வெயில் காலத்தில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். குளிர் தொடங்கியதிலிருந்து காலையில் அரைச் சுற்று சுற்றி, முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. விடாமல் முயன்றால் எப்போதாவது தாண்டிச் சுற்றுகிறது. மதியத்தில் தொல்லை இல்லை. புது பேட்டரி போட்டும் மாற்றமில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். அதுவரை எளிதில் பற்றும் ஈதர் ஸ்பிரே அடித்து ஓட்டலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்டார்ட்டரை இப்போது வாங்காதீர்கள். இதே கோளாறுக்கு நானும் ஸ்டார்ட்டர் மாற்றிப் பணத்தை விட்டவன். கடைசியில் சரியானது டாப்பெட் கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளியை, சரியாக வைத்த பிறகுதான்.

எஞ்சின் முட்டி நிற்கிற இடம் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலேறி உள்ளேயிருக்கும் காற்றை அழுத்துகிற கட்டம். அந்த முழு அழுத்தத்தையும் தள்ளித் தாண்டுகிற வலு சின்ன ஸ்டார்ட்டருக்குக் கிடையாது. அதனால் இந்த எஞ்சின்கள் பலவற்றில் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டிலேயே ஓர் ஏற்பாடு இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அது ஒரு வால்வைத் துளி திறந்துவைத்து அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும். திறப்பு மிகச் சிறியது. தேய்மானத்தில் டாப்பெட் இடைவெளி கூடிவிட்டால், அந்தச் சிறு தூக்கல் இடைவெளியிலேயே கரைந்துவிடும், வால்வு திறக்காது. வெப்பத்தில் எஞ்சின் இலகுவாகச் சுற்றுவதால் அந்த வேகத்திலேயே தாண்டிவிடும். குளிரில் ஆயில் கெட்டியாகும், பேட்டரியின் வலுவும் குறையும். அப்போதுதான் குறை வெளியே தெரிகிறது.

இதைச் சோதிக்கச் செலவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் வயரை ஓட்டையிலிருந்து தள்ளி எஞ்சின் உடம்பில் எர்த் செய்துவிட்டு, குளிர்ந்த காலையிலேயே சாவியைத் திருப்புங்கள். ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வரும், பக்கத்தில் நெருப்பு கூடாது. எஞ்சின் விர்ரென்று சுற்றினால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் நன்றாகவே இருக்கின்றன என்று பொருள். அப்போது டாப்பெட்டைப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியைத் தாண்டி சுமார் 6 மில்லிமீட்டர் இறங்கிய நிலையில் வைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். உச்சியிலேயே அளந்தால் நான் சொன்ன ஏற்பாடே அளவைக் கெடுத்துவிடும். இடைவெளி பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். உங்கள் மாடலுக்கான சரியான அளவைக் கையேட்டில் பார்த்து வையுங்கள்.

பிளக் இல்லாமலும் மெதுவாகத்தான் சுற்றுகிறதா? அப்போது புது பேட்டரியையும் நம்ப வேண்டாம், கடையில் பல மாதம் கிடந்ததாக இருக்கலாம். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும், சுற்றும்போது 9.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. அதுவும் சரியென்றால் எர்த் வயரின் இரண்டு முனைகளையும் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். பெயின்ட் மேல் இறுக்கிய எர்த்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் செய்த பிறகுதான் ஸ்டார்ட்டரின் முறை.

ஆயிலையும் பாருங்கள். வெயில் காலத்துக்கு ஊற்றிய எஸ்ஏஇ 30 ரக ஆயில் உள்ளே இருந்தால் கடுங்குளிரில் அது தேனாகிவிடும். கையேடு அனுமதித்தால் குளிரில் அவ்வளவு கெட்டியாகாத 5டபிள்யூ-30க்கு மாறுங்கள். அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது. ஸ்டார்ட் செய்யும்போது கிளட்ச் பெடலை முழுவதும் மிதியுங்கள், கியர் பெட்டியின் சுமையாவது குறையும்.

ஈதர் வேண்டாம். உங்கள் எஞ்சினில் பெட்ரோல் பற்றுவதில் குறை இல்லை, எஞ்சின் சுற்றுவதில்தான் குறை. எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றாவிட்டால் அது வேறு கதை: அப்போது காற்றை அடைக்கிற சோக் தகடு முழுவதும் மூடுகிறதா, பெட்ரோல் பழசா என்று பார்க்க வேண்டும். சாவியை ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள். நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள், இல்லையென்றால் நல்ல ஸ்டார்ட்டரும் சூடேறிக் கருகிவிடும்.

வால்வு மூடியைக் கழற்றியதும் இடைவெளி எவ்வளவு இருந்தது என்று எழுதுங்கள்.