உப்பில் ஊறிய சால்மனுக்குத் தொட்டுக்கொள்ள என்ன? கேள்வி பதில்

கிராவ்லாக்ஸுக்கு (உப்பிலும் சர்க்கரையிலும் ஊறவைத்த பச்சை சால்மன்) கடுகு சாஸ் செய்தேன் அக்கா. அடிக்க அடிக்க எண்ணெய் பிரிந்து மேலே நிற்கிறது. எங்கே தப்பு?

எண்ணெயை ஒரேயடியாக ஊற்றியிருப்பீர்கள், முதல் தடவை எல்லாரும் செய்வதுதான். 3 மேசைக்கரண்டி கடுகு விழுது, 2 கரண்டி சர்க்கரை, 1 கரண்டி வினிகர், இந்த மூன்றையும் சர்க்கரை கரையும்வரை கலக்கிவிட்டு, 100 மில்லி எண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாகவும், கலவை கெட்டியாகிப் பளபளப்பு வந்தபிறகு நூல் மாதிரியும் விட்டுக்கொண்டே கையை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். எண்ணெயையும் வினிகரையும் சேர்த்துப் பிடித்து வைப்பது கடுகுதான், மொத்தமாகக் கொட்டினால் அது என்ன செய்யும்? பிரிந்ததை வீணாக்க வேண்டாம். வேறு கிண்ணத்தில் ஒரு கரண்டி கடுகு விழுது எடுத்து, பிரிந்த சாஸைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டு அடித்தால் மறுபடி கூடிவிடும். சதகுப்பை இலையைப் பொடியாக நறுக்கிக் கடைசியில் போடுங்கள், மிக்ஸியில் அரைத்தால் சாஸே பச்சையாகிவிடும்.

எனக்குச் சாஸ் பிரியவில்லை, ஆனால் கசக்கிறது. எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் விட்டு மிக்ஸியில் அடித்தேன்.

அந்த எண்ணெயை மிக்ஸியில் வேகமாக அடித்தால் கசப்பு தூக்கலாகிவிடும். சூரியகாந்தி மாதிரி வாசனை இல்லாத எண்ணெய் போதும்.

உப்பு எவ்வளவு?

போடாதீர்கள். மீன் ஏற்கெனவே உப்பிலும் சர்க்கரையிலும் ஊறியது, கடுகு விழுதிலும் உப்பு உண்டு. சாஸைத் தனியாக நக்கிப் பார்த்து 'சப்பென்று இருக்கே' என்று உப்பைச் சேர்ப்பதுதான் பெரிய தப்பு, நானும் ஒரு விருந்தையே அப்படிக் கெடுத்திருக்கிறேன். ஒரு துண்டு மீனோடு சேர்த்து வாயில் போட்டுப் பாருங்கள். மீனில் இல்லாதது புளிப்பும் காரமும்தான், அதைத்தான் சாஸ் தர வேண்டும்.

ஹார்ஸ்ரேடிஷ் என்ற, கடுகு மாதிரி காரமான கிழங்கைத் துருவி க்ரீமில் கலந்தேன், காரமே இல்லை.

பழைய கிழங்காக இருக்கலாம், இல்லையென்றால் துருவியதுமே வினிகர் விட்டிருப்பீர்கள். முழுக்கிழங்கில் காரம் கிடையாது, துருவி நசுங்கும்போதுதான் உண்டாகிறது, புளிப்பு பட்டதும் அது நின்றுவிடும். அதனால் துருவிவிட்டு 2, 3 நிமிடம் சும்மா விடுங்கள் (முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு!), அப்புறம் வினிகர், அப்புறம் க்ரீம். சூடு காட்டினால் காரம் போய்விடும்.

க்ரீமுக்குப் பதில் தயிர் விடலாமா?

தாராளமாக. துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்த கெட்டித் தயிராக இருக்கட்டும், இல்லையென்றால் தட்டில் ஓடும்.

எலுமிச்சை பிழிந்து வைத்த மீன், பரிமாறுவதற்குள் வெளுத்துவிட்டது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. புளிப்பு பட்டால் மீனின் புரதம் இறுகி, வெந்ததுபோல் வெளுக்கும். சாறு சாஸுக்குள் இருக்கட்டும், மீன்மேல் வேண்டுமென்றால் சாப்பிடுகிறவர் பிழிந்துகொள்ளட்டும்.

இவ்வளவு வினிகரும் எலுமிச்சையும் இருக்கிறதே, கிருமி செத்துவிடாதா? கர்ப்பிணி ஒருவர் விருந்துக்கு வருகிறார்.

சாகாது. அவருக்கு வேகவைத்த மீனைத் தனியாக வையுங்கள், சாஸ் அதேதான் இருக்கட்டும், பச்சை முட்டை மட்டும் சேர்க்க வேண்டாம். உப்பில் ஊறிய மீனும் பச்சை மீன்தான், லிஸ்டீரியா என்ற கிருமி அதில் உயிரோடு இருக்கலாம். மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஒட்டுண்ணிப் புழு சாக, மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்துவிட்டு அப்புறம் உப்பிடுவதுதான் வழி.

வினிகரில் ஊறிய ஹெர்ரிங் மீனுக்கும் இதே கடுகு சாஸா?

செய்கிறார்கள், ஆனால் வினிகரைப் பாதியாகக் குறையுங்கள், மீனே புளிக்கிறது. எனக்குப் பிடித்தது புளித்த க்ரீமில் பொடியாக நறுக்கிய ஆப்பிளும் வெங்காயமும் போட்டது. ஆப்பிளை மட்டும் பரிமாறும் நேரத்தில் நறுக்குங்கள், கறுத்துப்போகும்.