ஸ்கிரிப்ட் அழித்த டேக்குகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். புதுச்சேரியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. கிளவுட் பில் ஏறிக்கொண்டே போகிறது, எது யாருடையது என்று தெரியவில்லை, எல்லாவற்றுக்கும் டேக் (யாருடையது, எதற்கானது என்று சொல்லும் அடையாளச் சீட்டு) போடு என்றார்கள். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் எங்கள் கணக்கில் சர்வர், டிஸ்க், பக்கெட் (கோப்புகளைப் போட்டு வைக்கும் இடம்) எல்லாம் சேர்த்து 340 இருந்தன. பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதி, ஏபிஐ (நிரலிலிருந்தே கட்டளை அனுப்பும் வழி) மூலம் ஒரே ராத்திரியில் ஓட்டிவிட்டேன். காலையில் பார்த்தால் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையின் பக்கெட்டுகளில் முன்பே இருந்த டேக்குகள் எதையும் காணோம். நான் போட்டது மட்டும் இருக்கிறது. சர்வர்களில் அப்படி ஆகவில்லை. எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன்.

என் தவறு எங்கே? குமாஸ்தா வேலை போன்ற இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? தமிழில் டேக் போட்டால் ஏற்குமா?

ச., கடலூர்

அன்புள்ள ச.,

நீங்கள் இரண்டு விதமான கட்டளைகளை ஒன்று என்று நினைத்துவிட்டீர்கள். சர்வர்களுக்குப் பயன்படும் ‘கிரியேட் டேக்ஸ்’ இருப்பதோடு சேர்க்கும். அதே பெயரில் டேக் இருந்தால் அதன் மதிப்பை மட்டும் மாற்றும். பக்கெட்டுகளுக்கான ‘புட் பக்கெட் டேக்கிங்’ அப்படி இல்லை. நீங்கள் அனுப்பும் பட்டியலை வைத்துக்கொண்டு பழைய பட்டியலை மொத்தமாகத் தூக்கிவிடும். அதனால் முதலில் இருப்பதைப் படித்து, உங்கள் டேக்கை அதில் சேர்த்து, முழுப் பட்டியலையும் திருப்பி எழுத வேண்டும். ஆவணத்தில் இது ஒரே வரியில் இருக்கிறது. ஏழு மாத அனுபவத்தில் அந்த வரி கண்ணில் படாமல் போவது பெரிய குற்றமில்லை. பெயர் ஒன்று போலிருந்தால் நடத்தையும் ஒன்று போலிருக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

போனவற்றை மீட்க வழி இருக்கிறது. உங்கள் நிறுவனம் விரிவான பில் கோப்பை மாதாமாதம் சேமிக்கிறதா என்று கேளுங்கள். செலவுப் பிரிப்புக்காக இயக்கி வைத்த டேக்குகள் அந்தக் கோப்பில் தனித்தனிப் பத்திகளாக இருக்கும். ஒவ்வொரு பொருளின் தனி அடையாளமான ரிசோர்ஸ் ஐடியும் சேர்த்துப் பதிவாகியிருந்தால் போன மாதக் கோப்பிலிருந்தே எந்தப் பக்கெட்டில் என்ன இருந்தது என்று எடுத்துவிடலாம். மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் ஏடபிள்யூஎஸ் கான்ஃபிக் இயங்கிக்கொண்டிருந்தால் அதிலும் பழைய நிலை இருக்கும். நாளைக் காலை முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

குமாஸ்தா வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். என் பெரியப்பா பண்ருட்டியில் ஒரு முந்திரி கம்பெனியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பள்ளி விடுமுறையில் அங்கேயே கிடப்பேன். பருப்பைத் தரம் பிரித்து, 25 பவுண்டு டின்னில் அடைத்து மூடுவார்கள். மூடியதும் எழுத்து வெட்டிய தகரத்தை டின் மேல் வைத்து, நீல மை தொட்ட பிரஷ்ஷால் ஒரு இழுப்பு. டபிள்யூ240 என்றால் ஒரு பவுண்டுக்கு 240 பருப்புக்கு மேல் போகாது, பெரிய பருப்பு. டபிள்யூ320 அதைவிடச் சிறியது, விலையும் குறைவு. மூடின டின்னை வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஒரு நாள் மார்க்கு இல்லாமல் நான்கு டின் கிடந்தது. லாரி வாசலில் நிற்கிறது. ‘பக்கத்து அடுக்கு 240, இதுவும் அதுவாத்தான் இருக்கும்’ என்று ஒரு பையன் பிரஷ்ஷை எடுத்துவிட்டான். பெரியப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நான்கையும் சுவரோரம் தள்ளி வைக்கச் சொன்னார். லாரி நான்கு டின் குறைவாகவே போனது. அடைத்த பெண்களைக் கூப்பிட்டு விசாரித்து, டின்னைத் திறந்து, ஒரு பவுண்டு நிறுத்து எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு டின் 320.

உங்கள் 340 பொருட்களுக்கும் உரிமையாளர் பெயரை ஒரே ராத்திரியில் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதுதான் எனக்கு இருக்கும் பெரிய கவலை. சர்வர் பெயரில் ‘டெஸ்ட்’ என்று இருந்ததை வைத்து சோதனைக்கானது என்று டேக் போட்டிருந்தால், ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் அந்த டேக்கை நம்பி அதை அழிப்பார். டேக் இல்லாத சர்வரை அழிக்க எவருக்கும் கை வராது. நாலு பேரைக் கேட்பார்கள். தவறான டேக் அந்தக் கேள்வியையே கேட்க விடாது. தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்ற பொருளில் ஒரு மதிப்பைப் போட்டு வையுங்கள், பிறகு அந்தப் பட்டியலோடு ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேளுங்கள். உரிமையாளர் என்று ஆளின் பெயரை எழுதாமல் குழுவின் பெயரை எழுதுங்கள்; ஆட்கள் வேலை மாறிப் போவார்கள். போன் நம்பர், மெயில் முகவரி எதுவும் டேக்கில் வேண்டாம், அதைப் பலர் பார்க்க முடியும்.

ஸ்கிரிப்டில் இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். பல சேவைகளுக்கும் பொதுவான ‘டேக் ரிசோர்சஸ்’ கட்டளை ஒரு அழைப்புக்கு (ஒரு முறை அனுப்புவதற்கு) 20 பொருள் வரைதான் ஏற்கும், ஆக உங்களுக்கு 17 அழைப்பு. அழைப்பு வெற்றி என்று பதில் வந்தாலும், அதற்குள்ளேயே தோற்றவற்றின் பட்டியல் தனியாக இருக்கும். அதைத் திறந்து பார்க்காதவர்கள் நிறைய. அதே குடும்பத்தின் ‘கெட் ரிசோர்சஸ்’ டேக் உள்ளவற்றையும், எப்போதோ டேக் இருந்தவற்றையும் மட்டுமே காட்டும். பிறந்ததிலிருந்து டேக்கே பார்க்காத பொருள் அதில் வராது. நீங்கள் தேடுவதோ அதைத்தான். ஏடபிள்யூஎஸ்ஸின் தேடல் கருவியான ரிசோர்ஸ் எக்ஸ்ப்ளோரரில் டேக் இல்லாதவை என்று கேட்டுத் தேடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் ஏடபிள்யூஎஸ் பார்க்கும். ‘ஓனர்’ என்ற சொல்லை மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் பில்லில் மூன்று பத்தி வரும். டேக் போட்டதும் அது தானாகப் பில்லுக்கு வந்துவிடாது, பில்லிங் பக்கத்தில் அந்த டேக்கை இயக்கவும் வேண்டும்.

டின்னை மூடும்போதே மார்க்கு போடுவதுபோல, சர்வரை உருவாக்கும் அழைப்பிலேயே டேக்கையும் அனுப்பிவிடலாம். அப்போது சர்வருக்கு ஒன்று, அதனோடு பிறக்கும் டிஸ்க்குக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சர்வருக்குப் போட்டது டிஸ்க்குக்குத் தானாக இறங்காது. சர்வரை அழித்த பிறகும் டிஸ்க் தனியாக நின்று காசு தின்பது இப்படி அடையாளமில்லாமல்தான். சர்வர், டிஸ்க் எல்லாவற்றையும் கோப்பில் எழுதி உருவாக்கும் டெராஃபார்ம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் டேக்குகளை அதிலேயே எழுதுங்கள். வெளியே ஸ்கிரிப்டில் போட்டதை அது அடுத்த ஓட்டத்தில் நீக்கிவிடக் கூடும்.

தமிழ் பற்றிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. பல ஏடபிள்யூஎஸ் சேவைகளின் ஆவணத்தில் டேக்குக்கு உள்ள விதி எழுத்து, எண், இடைவெளி, சில குறிகள் என்று அனுமதிக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் யூனிகோடில் நம் புள்ளியும் கால், கொம்பு, சுழிகளும் ‘எழுத்து’ வகையில் சேரவில்லை, எழுத்தோடு ஒட்டி வரும் குறி (மார்க்) என்று தனி வகையில் இருக்கின்றன. ஆகவே ‘கடலூர்’ என்று எழுதினால் க, ட, ல, ர நான்கும் அந்த விதிக்குள் வரும், ஊகாரக் குறியும் புள்ளியும் வெளியே நிற்கும். நம் மொழிக்கு இது நேர்ந்திருக்கக் கூடாது, எனக்கு இதில் வருத்தமுண்டு. இப்போதைக்கு டேக்கின் பெயரையும் மதிப்பையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் வையுங்கள். ஒவ்வொரு டேக்கும் எதைக் குறிக்கிறது, யாரைக் கேட்டு நிரப்ப வேண்டும் என்பதை மட்டும் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் குழுவில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.