டெக்சாஸ் வகுப்பறைக்குக் கிளம்பும் தம்பிக்கு

தாம்பரம் பக்கம் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆங்கிலம் எடுக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பரிமாற்றத் திட்டத்தில் வரும் ஆசிரியர்களுக்கான ஜே-1 விசாவில் டெக்சாஸில், டாலஸ் பக்கம் ஒரு ஊரில் எட்டாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். ஆகஸ்டில் பள்ளி திறக்கிறது. வாடகை எவ்வளவு ஆகும், போனவுடனே கார் வாங்கணுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று நாலு கேள்வி. ஐந்தாவதாக ஒன்று: "ஆன்லைனில் ஒரு கோர்ஸ் முடித்தேன் அக்கா. கிரிட்டிக்கல் லிட்டரசி, அதாவது ஒன்றை யார் எழுதினார்கள், எதற்காக, யாரை விட்டுவிட்டு என்று கேட்டுப் படிப்பது, சமூக நீதி எல்லாவற்றையும் ஆங்கில வகுப்புக்குள் கொண்டுவரணும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்கப் பள்ளியில் தைரியமாக நடத்தலாம்தானே?"

முதல் நாலுக்கும் சேர்த்து ஒரே பதில். வாடகை கூடத்தான், கார் இல்லாமல் அங்கே பால்கூட வாங்க முடியாது, முருங்கைக்காய் வரைக்கும் எல்லாம் கிடைக்கும், மிச்சம் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம். விசா சந்தேகம் எதுவானாலும் உங்களை அங்கே அழைத்துப் போகும் ஸ்பான்சர் நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். ஐந்தாவது கேள்விக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நானும் அமெரிக்காவில் டீச்சர்தான். லீவுக்கு வந்து பெரம்பூரில் தங்கை வீட்டில் இருக்கிறேன், காலையிலிருந்து கரண்ட் வேறு இல்லை, நேரம் கிடக்கிறது.

முதலில் சட்டத்தைப் படியுங்கள், தைரியம் அப்புறம். 2021-இல் டெக்சாஸில் எச்.பி. 3979 என்று ஒரு சட்டம் வந்தது. அதே வருஷக் கடைசியில் எஸ்.பி. 3 வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நடப்பில் சர்ச்சையாக இருக்கும் விஷயத்தைப் பேசு என்று எந்த ஆசிரியரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அவராகப் பேசினால் எந்தப் பக்கமும் சாயாமல் பேச வேண்டும் என்கிறது அது. கொள்கையை மாற்றச் சொல்லி மாணவர்கள் அரசுக்காரர்களுக்குக் கடிதம் எழுதினால், அதற்கு மார்க் போடவும் கூடாது. 2025-இல் எஸ்.பி. 12 வேறு வந்து, பள்ளிகளில் பன்மைத்துவம், சமத்துவம் என்ற பெயரில் நடந்த வேலைகளுக்குப் பூட்டுப் போட்டது. ஓக்லஹோமா, புளோரிடாவிலும் இதே ஜாடையில் சட்டங்கள் உண்டு. கலிபோர்னியாவில் கதையே வேறு. அமெரிக்கா என்று ஒரே பள்ளிக்கூடம் கிடையாது தம்பி, மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று. உங்கள் கோர்ஸை எந்த ஊரில் உட்கார்ந்து தயாரித்தார்களோ, அந்த ஊரின் தைரியம் உங்கள் ஊரில் செல்லாது.

கோர்ஸில் நாலு படி சொல்லியிருப்பார்கள். லூயிசன், ஃபிளின்ட், வான் ஸ்லைஸ் மூவரும் 2002-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது அது. பழகிப்போனதைக் கேள்வி கேட்பது, பல பேருடைய பக்கத்திலிருந்தும் பார்ப்பது, அதற்குள் இருக்கும் சமூக அரசியலைக் கவனிப்பது, கடைசியில் செயலில் இறங்குவது. உங்களுக்கு இடிக்கப் போவது அந்த நாலாவதுதான். முதல் மூன்றை எந்தப் பக்கமும் சாயாமல் ஒழுங்காக நடத்தினால் சட்டம் பெரும்பாலும் குறுக்கே வராது. அதை ஒழுங்காக நடத்தும் ஆட்கள்தான் குறைவு.

ஒரு பாடத்தைச் சொல்கிறேன். இந்தச் சட்டமெல்லாம் வருவதற்கு முன்னால் அங்கே எங்கள் ஊரில் ஒரு கிளை நூலகத்தைச் சனிக்கிழமையில் மூடப் போவதாக உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. ஒரு பக்கம்தான். அதை நகல் எடுத்துக் கொடுத்து, ஆளுக்கு ஒரு மஞ்சள் ஹைலைட்டரும் கொடுத்தேன். இந்தச் செய்தியில் யார் பேசியது மேற்கோள் குறிக்குள் இருக்கிறதோ அதை மட்டும் மஞ்சள் அடியுங்கள் என்றேன். அவ்வளவுதான் வேலை. கவுன்சில்காரர் பேசியிருந்தார், பட்ஜெட் அதிகாரி பேசியிருந்தார், நூலக இயக்குநர் ஒரு வரி. அடித்து முடித்ததும் கடைசி வரிசைப் பையன் ஒருவன், அவன் அம்மா வாரத்தில் ஆறு நாள் ஹோட்டலில் அறை சுத்தம் செய்பவர், தாளைத் தூக்கிக் காட்டி, "மிஸ், சனிக்கிழமை அங்கே போறவங்க ஒருத்தர்கூட இதுல இல்லையே" என்றான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாள் அதே செய்தியை, நூலகத்துக்குப் போகிறவர்களிடம் கேட்டு எழுதி வந்தார்கள். அப்புறம் நகரசபைக்குக் கடிதமும் எழுதினார்கள், மார்க்கும் போட்டேன். இன்றைக்கு அந்தக் கடிதத்தை விட்டுவிடுகிறேன். மஞ்சள் ஹைலைட்டர் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று, இது பிரின்சிபாலிடம் பேச உதவும். எந்த வகுப்பில் என்ன கற்க வேண்டும் என்று பல மாநிலங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட காமன் கோர் பட்டியலை டெக்சாஸ் ஏற்றுக்கொள்ளவே இல்லை, அங்கே டீக்ஸ் (TEKS) என்று சொந்தமாக, எண் போட்டு வைத்திருக்கிறார்கள். எழுதியவரின் நோக்கம் என்ன, எப்படி எழுதியிருக்கிறார், வாதத்துக்கு ஆதாரம் எங்கே என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. லெசன் பிளானில் அந்த டீக்ஸ் எண்ணைப் போட்டு எழுதுங்கள். 2023-இலிருந்து ஸ்டார் (STAAR) என்ற டெக்சாஸ் மாநிலத் தேர்விலும் பத்தியிலிருந்து ஆதாரம் எடுத்துச் சொந்தமாகப் பதில் எழுதச் சொல்கிறார்கள், டிக் அடித்தால் மட்டும் போதாது. ஆகவே இது தேர்வுக்குத் தயாரிப்பும்தான். சமூக நீதி என்று மேலே தலைப்புப் போட வேண்டிய அவசியமே இல்லை.

நம் ஆட்களிடம் நான் பார்த்தது இரண்டு வகை. ஒரு வகை, பயந்து போய் வருஷம் முழுக்க ஒர்க்‌ஷீட் கொடுத்தே ஓட்டிவிடும். இன்னொரு வகை பிரசங்கம். கீழ்ப்பாக்கத்திலிருந்து வந்த ஒருவர், நல்ல படிப்பாளி, சேர்ந்த இரண்டாம் வாரமே நிறவெறி பற்றி முழு பீரியட் பேசிவிட்டு, "உங்களில் யாரெல்லாம் அவமானப்பட்டிருக்கிறீர்கள், கை தூக்குங்கள்" என்று கேட்டிருக்கிறார். கறுப்பினப் பிள்ளைகள் இரண்டு பேரையும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? மறுநாள் பெற்றோர் வந்து நின்றார்கள். அதற்கப்புறம் அவரும் ஒர்க்‌ஷீட் கட்சியில் சேர்ந்துவிட்டார். கேள்வியைத் தாளிடம் கேளுங்கள், பிள்ளையிடம் கேட்காதீர்கள்.

நான் போனபோது எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. வேலைக்குப் போகிறவரின் மனைவி என்ற எச்-4 விசாவில் போய் வருஷக்கணக்கில் வேலை செய்ய முடியாமல் வீட்டில் இருந்தேன். கிரீன் கார்டு வந்து வெளியே போனால், சென்னை எம்.ஏ., பி.எட். இரண்டையும் பார்த்துவிட்டு, திரும்பப் பரீட்சை எழுது என்றார்கள். எழுதினேன். அதுவரை சப்ஸ்டிட்யூட் டீச்சர் வேலை. காலை ஐந்தரைக்குப் போன் வரும், எந்தப் பள்ளி என்று அப்போதுதான் தெரியும். ஒரு பள்ளியில் ஒரு அம்மா அலுவலகத்துக்கு வந்து, இந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று என் எதிரிலேயே கேட்டார். என் ஆங்கிலம் பெரம்பூர் ஆங்கிலம். ரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியன் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தது. அதை மாற்றிக்கொள்ளவும் இல்லை. மூக்கால் பேசப் பழகிய நம் ஆட்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்புத்தான். இப்போது என் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் போலவே பேசிக் காட்டுவார்கள், நன்றாகவே வரும் அவர்களுக்கு.

நம் ஆட்கள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வாரம் ஒரே ரகளை. மார்ட்டின் லூதர் கிங் பற்றி மகள் எழுதிய கட்டுரையை ஜனவரியில் பெருமையாகப் போட்ட அதே மனிதர், "இதையெல்லாம் எதுக்கு இங்கே கொண்டுவரணும்" என்றார். அந்த வருஷம் அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர் இதே மாதிரி மசோதாவில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியபோது இனிப்புப் படம் போட்டவர்களும் உண்டு. அடுத்தவன் ஊர் அநியாயம் என்றால் நமக்குக் கண் நன்றாகத் தெரியும்.

உங்கள் கோர்ஸில் பாவ்லோ ஃப்ரெய்ரே பெயர் கட்டாயம் வந்திருக்கும். பிரேசில்காரர், 1963-இல் ஆங்கிகோஸ் ஊரில் சுமார் 300 தொழிலாளிகளுக்கு 40 மணி நேர வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். மறு வருஷம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள். நம் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொடுத்ததை உங்கள் கோர்ஸில் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள், அங்கே போய்.

எனக்கு இதை முதலில் கற்றுக்கொடுத்தவர் எந்தக் கோர்ஸும் முடிக்காதவர். பத்தாம் வகுப்பில் எங்கள் ஆங்கில மிஸ். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். கிராமர் நடத்த அதில் வரும் கல்யாண விளம்பரங்களைத்தான் வெட்டி எடுத்து வருவார். வினைச்சொல்லைக் கண்டுபிடி என்று ஆரம்பிக்கும். அப்புறம், இதை எழுதியது யார்? பெண்ணா, அப்பாவா? நிறம் எத்தனாவது இடத்தில் வருகிறது, படிப்பு எத்தனாவது? சாதி தடையில்லை என்று போட்டுவிட்டு அடைப்புக்குள் யாரை வேண்டாம் என்கிறார்கள்? நாற்பது பெண்கள் இருந்த வகுப்பு, ஒரு சத்தம் இருக்காது. அடுத்த வருஷமே அந்தப் பத்தியில் வரப் போகிறவர்கள் எங்களில் இருந்தார்கள். ஒருத்தி தன் வீட்டில் கொடுத்த விளம்பரத்தையே ஒரு நாள் வெட்டி எடுத்து வந்தாள். மிஸ் அதைப் படித்துவிட்டு மடித்து அவளிடமே கொடுத்து, "நீ எழுதினா எப்படி எழுதுவே, எழுதிக் கொண்டா" என்றார். கொண்டுவந்தாள். முதல் வரியே தனக்கு எந்தக் குழம்பு வைக்கத் தெரியாது என்பதுதான். வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு மிஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். கிளம்புவதற்கு முன்னால் தாம்பரம் வகுப்பிலேயே ஒரு தடவை நடத்திப் பாருங்கள். கூவம் கரையில் வீடுகளை எடுத்துப் பெரும்பாக்கத்துக்கு ஆட்களை அனுப்புவது பற்றிச் சென்னைப் பத்திரிகைகளில் செய்தி நிறைய வந்திருக்கிறது, ஒன்றை எடுத்து மஞ்சள் அடிக்கச் சொல்லுங்கள். ஜூலை கடைசி வரை நான் இங்கேதான். லெசன் பிளான் ஒன்று எழுதி அனுப்பினால், எந்த டீக்ஸ் எண்ணுக்குக் கீழே வரும் என்று பார்த்துச் சொல்கிறேன். அப்புறம், வீட்டு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே 120 வோல்ட், சரியாக ஓடாது. 110 வோல்ட் மிக்ஸி என்று கேட்டால் இங்கேயே கடையில் தருவார்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.